மதுரையில் ஜாகை பிடித்த பாடு

ஏலக்காய் மண்டிக் குமாஸ்தாவுக்கு மூக்கு கூர்மையாக இருக்க வேண்டும் என்பார்கள். என்னைச் சேர்த்தவர்கள் மூக்கைப் பார்க்கவில்லை, கால் வலுவாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

போடியில் ஒரு மண்டியில் காய் தரம் பிரிக்கத்தான் சேர்ந்தேன். ஆனால் முதலாளியின் சொந்தக்காரர்கள், மலையில் தோட்டம் வைத்திருந்த வாடிக்கைக்காரர்கள், தோட்டத்து ஆட்கள் என்று யார் மதுரைக்குக் கிளம்பினாலும், "கூடப் போயி ஒரு ஜாகை பிடிச்சுக் குடுத்துட்டு வா" என்று முதலாளி என்னைத்தான் அனுப்புவார். ஜாகை என்றால் தங்குகிற இடம். அப்போது போடிக்கு ரயில் கிடையாது. வீரணன் என்ற வண்டிக்காரனின் வில்வண்டியில் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று இரண்டு இடத்தில் தங்கி, மூன்றாம் நாள் காலையில் மதுரைக்குள் நுழைவோம். கோபுரம் தெரிந்ததும் வண்டியில் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு ஒரே கவலைதான். இத்தனை பேரை எந்த வாசலில் கொண்டுபோய் இறக்குவது?

தெரியாத ஊரில் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்று, இந்த வீடா அந்த வீடா என்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளைச் சுவர்

முதல் பயணம் முதலாளியின் தமக்கையோடு. பெரியாத்தா என்று ஊரே கூப்பிடும். புருஷன் போன பிறகு தனியாகவே நிலம், நீச்சு எல்லாவற்றையும் கட்டி ஆண்ட மனுஷி. மீனாட்சியைக் கும்பிட வேண்டும், மூன்று நாள் தங்க வேண்டும் என்றார். நான் நாலு சத்திரம் ஏறி இறங்கினேன். ஒன்றில் புகை, ஒன்றில் மூட்டைப்பூச்சி, மற்ற இரண்டில் கூட்டம். ஐந்தாவது சத்திரத்துக்குள் கால் வைத்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று. சுவரெல்லாம் பளிச்சென்று புதுச் சுண்ணாம்பு. தரை கழுவிக் கிடந்தது. அறைகளில் ஓர் ஆள் இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரியாத்தா கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "பாங்கான எடமாத்தான் பிடிச்சிருக்கே" என்றார்.

நான் வெற்றிலை வாங்க எதிர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தச் சத்திரத்துலயா எறங்கியிருக்கீக? முந்தாநாள் அங்க பேதி கண்டு மூணு பேரு போயிட்டாகளே. நேத்துத்தான சுண்ணாம்பு அடிச்சாக!" என்றார். வெற்றிலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மூட்டைகளை வண்டியில் தூக்கிப் போட்டு, ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் இறங்கினோம். அன்று பகல் முழுவதும் நான் பெரியாத்தா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வயிற்றைத் தொட்டால் எனக்கு உயிர் போயிற்று. ஒரு தடவை எழுந்து மரத்துக்குப் பின்னால் போனார். நானும் வீரணனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் தரிசனம் முடித்து வண்டி ஏறும்போதுதான் அவர் அதைப் பற்றி வாய் திறந்தார்.

"செவுரு வெள்ளையா இருக்கான்னு பாத்து எடம் பிடிக்காத அப்பு. எதுக்கு வெள்ளையடிச்சாகன்னு கேட்டுட்டுப் பிடி."

கணவாயில் நாலு பேர்

ஆண்டிபட்டிக்கு அப்பால் ஒரு கணவாய் உண்டு. பொழுது சாய்ந்துவிட்டால் அதற்கு இந்தப் பக்கமே தங்கிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒரு தடவை வண்டியில் யாரும் இல்லை. நானும் வீரணனும் நாலு மூட்டை முதல்தரக் காயும்தான். மேற்கே இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று உள்ளே விட்டுவிட்டோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். நாலு பேர் முண்டாசு கட்டி, தடியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக நடந்தார்கள். வீரணன் மாட்டை விரட்டினான்; அவர்களும் ஓட ஆரம்பித்தார்கள். குலதெய்வத்தை நினைத்தேன், பேர்கூட வாயில் வரவில்லை.

கணவாய் தாண்டி ஒரு சாவடி வெளிச்சம் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி, நானும் வீரணனும் ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டோம். நாலு பேரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் சாவடிப் படியில் பொத்தென்று உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, ஒங்க மாட்டு மணிச் சத்தத்தத் தொணைன்னு நம்பித்தான நாங்க பின்னாடி வந்தோம்? நீங்க பாட்டுக்கு ஓடுனா நாங்க களவாணிககிட்டச் சிக்கிச் சாகவா?"

கோபுரத்துக்கு எதிர் வீடு

பெருமாள் ராசிங்காபுரத்து விவசாயி. மனைவி சீனியம்மா. இரண்டு பேரும் அதுவரை போடிச் சந்தையைத் தாண்டிப் போனதில்லை. கோயிலுக்குப் பக்கமாகவே இடம் வேண்டும் என்று பெருமாள் சொன்னதால், மேலக் கோபுரத்துக்கு எதிரில் ஒரு வீட்டில் முன்னறையைப் பிடித்தேன். "வழி தவறினா யாரையும் கேளுங்க, கோபுரத்துக்கு எதிர்த்த வீடுன்னு சொல்லுங்க" என்று இருவருக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். இதைவிடச் சுலபமான அடையாளம் ஏது என்று நினைத்தேன்.

மறுநாள் விடிகாலையில் கோயிலுக்குள் கூட்டம் நெரித்துத் தள்ளியதில் சீனியம்மாவின் கை பெருமாள் கையிலிருந்து நழுவிவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. பெருமாள் அந்தக் கல் மண்டபத்தில் அவள் பேரைச் சொல்லிக் கத்தினார். அந்தச் சத்தம் தூண்களில் மோதித் திரும்பி வந்தது. பொற்றாமரைக் குளத்தின் படியில் சீனியம்மா கட்டியிருந்தது போலவே ஒரு சிவப்புச் சேலை கிடந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனுஷர் அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். அது வேறு யாரோ உலர்த்தியது என்று தெரிகிறவரை நான் பட்ட பயத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி என்று உச்சிவேளை வரை ஓடினோம். ஒன்றுபோல இருந்த தெருக்களில் எதில் போனோம், எதில் போகவில்லை என்று எனக்கே குழம்பிவிட்டது.

கடைசியில் தெற்குக் கோபுரத்து நிழலில், பூக்காரி ஒருத்தியின் பக்கத்தில் சீனியம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. பெருமாள் தன் துண்டின் ஒரு நுனியை அவள் முந்தானையில் முடிந்தார். ஊர் போய்ச் சேர்கிறவரை அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோபுரத்துக்கு எதிர்த்த வீடு எங்கன்னு கேட்டேன், எந்தக் கோபுரம்னு கேக்குறாக. ஏண்ணே, ஒரு ஊருக்கு ஒரு கோபுரம் பத்தாதா?"

பால் கொடுத்த புண்ணியவான்

கோவிந்தசாமிக்கு மலையில் பத்து ஏக்கர் ஏலத்தோட்டம். பக்கத்துத் தோட்டக்காரன் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டுவிட்டான் என்று வழக்கு. தாத்தா காலத்து எல்லைப் பத்திரம் ஒன்றுதான் அவருக்கு இருந்த பலம். அது போனால் தோட்டம் போயிற்று. தோட்டம் போனால் குடும்பம் கூலிக்குப் போக வேண்டியதுதான். கச்சேரிக்கு, அதாவது கோர்ட்டுக்குப் பக்கத்தில் நான் பிடித்துக் கொடுத்த வீட்டின் சொந்தக்காரர் தங்கமான மனுஷராகத் தெரிந்தார். நாங்கள் கேட்காமலே பால் கொடுத்தார், கோரைப்பாய் கொடுத்தார். "சாட்சி யாரு வர்றாக? பத்திரமெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார். கோவிந்தசாமி உருகிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆற்றில் குளித்துவிட்டு வந்தோம். பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்ததும் கோவிந்தசாமி நின்றுவிட்டார். ஏல மூட்டைக்குப் போடுகிற முடிச்சைத்தான் அவர் எப்போதும் போடுவார். இப்போது அதில் வேறு முடிச்சு. அவசரமாக அவிழ்த்தார். துணிமணி, ஊறுகாய், கோயில் திருநீறு எல்லாம் இருந்தன. பத்திரம் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறினார். உதடு வெளுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முதல் நாள் மாலையில் நகல் எடுக்க என்று வக்கீல் குமாஸ்தா அந்தப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். வாசலில் அன்றையப் பால் ஆவி பறக்கக் காத்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். தொடவில்லை. பின்வாசல் வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெரசாக நடந்தோம்.

விசாரித்ததில் வீட்டுக்காரர் எதிராளியின் மச்சான் என்று தெரிந்தது. வழக்கு கோவிந்தசாமி பக்கம் தீர்ப்பானது வேறு விஷயம். அன்று வக்கீல் குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துச் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை.

"கேஸுக்கு வர்றவன் சாட்சியத் தேடுறதுக்கு முந்தி, தங்குற வீட்டுக்காரன் யாருக்கு மச்சான்னு தேடணும் ஓய்!"

வண்டிப்பேட்டையில் வீரணன்

எங்களுக்கெல்லாம் சத்திரம், வீரணனுக்கு வண்டிப்பேட்டை. அங்கே மாடு களவு போகும் என்று யாரோ சொல்லிவைத்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு மாடும் சொந்த மாடு, கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. ஒரு நாள் மத்தியானம் கண் அசந்ததால், மாட்டுக் கயிற்றைத் தன் காலில் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் படுத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கோயில் யானை மணியடித்துக்கொண்டு தெருவில் வந்தது. மாடு மிரண்டு பாய்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பேட்டைக்காரர்கள் நாலு பேர் மாட்டை மடக்கிப் பிடித்திருந்தார்கள். முதுகெல்லாம் தோல் உரிந்து, தலையில் புழுதியோடு வீரணன் கிடந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்துப் பக்கத்தில் மண்டியிட்டேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"மாட்ட யாரும் களவாங்கல அண்ணே. மாடுதான் என்னையக் களவாங்கிட்டுப் போயிருச்சு."

மாடி

சித்திரைத் திருவிழா நேரம். மதுரையில் திண்டாட்டமே அதுதான். எள் போட்டால் கீழே விழாது. மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரரான மாத்தச்சன் எங்கள் முதலாளியின் தோட்டத்தில் மேஸ்திரி. பல் வைத்தியத்துக்காக என்னோடு வந்திருந்தார். மலையில் யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி இருபது வருஷம் தூங்கிய ஆள். மாசி வீதியில் ஒரு பழைய வீட்டு மாடியை நான் எப்படியோ பிடித்துவிட்டேன். மரத் தூண், மரத் தளம், தெருவைப் பார்த்த முகப்பு. தேர் வரும்போது காலடியில் தெரியும் என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். மாத்தச்சன் தளத்தில் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். பிறகு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். முகப்புக்கு வரவே மாட்டேன் என்றார். காட்டு மனுஷருக்குப் பட்டணத்து மாடி பயம் என்று நான் மனசுக்குள் சிரித்தேன்.

தேர் வருகிற சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தைகளோடு மாடிக்கு வந்து முகப்பில் நெருக்கியடித்து நின்றார்கள். மேளம், குலவை, கூச்சல். திடீரென்று மாத்தச்சன் எழுந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. "எறங்கு! எல்லாரும் எறங்கு! மரம் போகுது!" என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை. அவர் ஒரு குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். தாய் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து மற்றப் பெண்களும் அவரை அடிக்க ஓடினார்கள். நானும் வெட்கத்தோடு அவரைத் தடுக்க ஓடினேன். நாங்கள் படியில் பாதி இறங்கியிருப்போம். மேலே துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். முகப்பு மொத்தமும் தெருவோரம் சரிந்து விழுந்தது. இந்தக் கூச்சலில் கீழே நின்றவர்கள் விலகியிருந்தார்கள்; விலகாமல் நின்ற ஒரு கிழவருக்குக் கால் முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

புழுதி அடங்கிய பிறகு மாத்தச்சன் தெருவில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் தாய் அவர் காலில் விழுந்தாள். "ஒமக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று நான் கேட்டேன்.

"முறியுறதுக்கு முந்தி எந்த மரமும் ஒரு வார்த்த பறயும் அண்ணே. கேக்கறதுக்கு நம்ம கொஞ்சம் வாய மூடி மிண்டாம இருக்கணும்."

ஆற்று மணல்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். முத்தையா குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கங்காணி. அவர் மனைவி ராக்குவுக்குக் காய் பறிக்கும்போது ஏலச்செடித் தட்டை குத்திக் கண் பழுத்துவிட்டது. ஐப்பசி மாசம். மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதுரையில் வெயில் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, நாளைக்கு வந்து அவிழ்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரு சத்திரத்துக்குப் போனோம். வாசலில் இருந்தவர் முத்தையாவைப் பார்த்து, "என்ன ஆளுக?" என்றார். முத்தையா சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நீங்க வரலாம், அவுக வேண்டாம்" என்று அந்த ஆள் என்னிடம் சொன்னார். இன்னும் மூன்று வாசலில் அதேதான். கடைசியில் முத்தையாவே, "ஆத்து மணல்ல படுத்துக்கிறோம், சாமி. நீங்க உள்ள போங்க" என்றார். நான் போனேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளே போய், சுவரோரமாகத் துண்டை விரித்துப் படுத்தேன்.

காலையில் இட்லிப் பொட்டலத்தோடு ஆற்றுக்கு வந்தேன். கரையை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி தண்ணீர். அதைத் தாண்டினால் அகலமான மணல். நடுவில் பழைய கல் மண்டபம். அதன் பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள். சுற்றிலும் குளிப்பவர்கள், துவைப்பவர்கள், ஈர வேட்டியோடு ஜபம் செய்பவர்கள். நான் பொட்டலத்தைக் கொடுத்தேன். ராக்கு கை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள். கட்டுப் போட்ட முகத்தை மேற்கே திருப்பினாள். "ஏங்க, தண்ணி வருது" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. என் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் முத்தையா வாய்க்காலைப் பார்த்தார். கணுக்கால் ஆழத்தில் ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாகி, மேலே சருகும் நுரையும் வந்துகொண்டிருந்தது. எங்கள் மலைச் சருகு. "கரைக்கு ஓடுங்க!" என்று நான் கத்தினேன். ராக்கு என் கையைப் பிடித்து இழுத்தாள். "கரைப்பக்கம் வேண்டாம், அங்கனதான் மொதல்ல சத்தம் வருது. ஒசரமா எது இருக்கு, அங்க கூட்டிப் போங்க" என்றாள்.

மண்டபத்தில் ஏறினோம். முத்தையா தொண்டை கிழியக் கூப்பிட்டதில் இன்னும் முப்பது பேர் ஓடி வந்து ஏறினார்கள். திரும்பிப் பார்த்தால், நான் ஓடச் சொன்ன கரையோரத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் புரண்டு போகிறது. கடைசியாக வந்தவர் பூணூல் போட்ட ஒரு பெரியவர். இடுப்பளவு தண்ணீரில் நிலை தடுமாறிக் கையை நீட்டினார். முத்தையா கை நீட்டப் போய், ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வெள்ளத்தைவிடப் பயமாக இருந்தது. பெரியவரே எட்டி அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். முத்தையா தூக்கி மேலே போட்டார். உச்சிவேளை வரை எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறியது. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கும்போது நின்றது. எல்லோரும் அந்த ஒரு படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் மெதுவாக இறங்கத் தொடங்கியபோது, ராக்கு என் பக்கம் திரும்பி அடங்கிய குரலில் கேட்டாள்.

"இத்தன பேரு இடிச்சிக்கிட்டு நிக்கிறோம், ஒருத்தரும் என்ன ஆளுன்னு கேக்கலையே சாமி. கண்ணு கட்டியிருக்கறது எனக்கு மட்டுந்தானா, எல்லாருக்குமா?"

இப்போதும் யாராவது மண்டிக்கு வந்து, மதுரையில் எங்கே தங்கினால் பயமில்லாமல் இருக்கலாம் என்று என்னைக் கேட்டால், போடியிலேயே தங்கினால் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காய் பொறுக்கப் போய்விடுகிறேன்.